சிவப்புப் பொட்டு வைத்த கற்கள்

பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் பார்த்தவள் நான். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஒரு கை ஒரு நிறமும் மறு கை இன்னொரு நிறமுமாக இருப்பது, எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே ஒதுக்க வேண்டும். என் கண்ணுக்குத் தப்பியது மிகவும் குறைவு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் எதிரே சாப்பிடுகிறவரின் காலர் தையல் கோணலாக ஓடியிருப்பதுதான் எனக்கு முதலில் தெரியும். இலையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னையும் இப்படித்தான் விரிச்சுப் போட்டுப் பாத்தியா புள்ள?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்பார்.

"பாத்துட்டுத்தானுங்க செகண்ட்ஸ்ல எடுத்தேன்" என்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிநாட்டு வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கிய சரக்கு ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை இங்கே உள்ளூரில் விற்றால் அது செகண்ட்ஸ். திருப்பூரில் பாதிப் பேர் உடம்பில் கிடப்பது அதுதான். அக்குளில் ஒரு பொட்டு ஓட்டை, கழுத்துப் பட்டையில் ஒரு கறை, அவ்வளவுதான் குறை. துணி நல்ல துணி. வெட்டும்போது விழும் துண்டுத் துணிகூட மிஷின் துடைக்கப் போய்விடும். நூல் சுற்றி வந்த அட்டைக் கோனுக்கும் ஆள் வருவார்கள். ஆக, எங்கள் ஊரில் ரிஜெக்ட் என்றால் தூக்கிப் போடு என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. இது இன்னொருவருக்குப் போகும் என்றுதான் புரிந்துகொள்வோம். நானும் அப்படியேதான் புரிந்துகொண்டிருந்தேன். அதனால் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊர் வீங்கத் தொடங்கியது. எங்கே பார்த்தாலும் லைன் வீடு, கம்பெனிச் சுவர், காம்பவுண்டு. எங்கள் வீட்டுக்காரர் அப்போது கிரஷர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லை உடைக்கும் இடத்திலிருந்து தூள் ஏற்றிக்கொண்டு ஹாலோ பிளாக் கல் போடும் இடங்களுக்குப் போய்ப் போய், நாமே போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மங்கலம் போகிற வழியில் பயிர் வைக்காமல் கிடந்த ஒரு மேட்டுக்காட்டைக் குத்தகைக்குப் பிடித்தோம். கோழி முட்டையிடுகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து தரையில் கல்லை இட்டுக்கொண்டே போகும் மிஷின் ஒன்றை வாங்கினோம். நான் செக்கிங்கை விட்டுவிட்டு வந்து, கல்லுக்குத் தண்ணீர் விடுவதையும் எண்ணி ஏற்றுவதையும் பார்த்துக்கொண்டேன். அங்கேயும் பழக்க தோஷம் விடவில்லை. முனை உடைந்த கல்லை லாரியில் ஏற்ற விடமாட்டேன். லோடு ஏற்றுகிற ஆட்கள் என்னைத் திட்டாத நாள் கிடையாது.

அங்கே ஒரு நாள் காலையில் சாயப்பட்டறை முதலாளி ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். கூடவே கோயமுத்தூர்ப் பக்கம் இஞ்சினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிற ஒரு டீச்சரம்மா. முதலாளி கையில் ஒரு பாலித்தீன் பை இருந்தது. அதில் காய்ந்த சேறு, காப்பித்தூளும் சாம்பலும் கலந்த மாதிரி ஒரு நிறம்.

"இது என்னங்கண்ணா?" என்றேன்.

"சாயத் தண்ணிய சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் பண்றமில்லீங்க அம்மிணி, அப்ப அடியில நிக்கிற சேறு. ஸ்லட்ஜும்பாங்க. இத வெளிய கொட்டவும் கூடாதுங்கறாங்க, ஆத்துலயும் உடக்கூடாதுங்கறாங்க. நாஞ் சேத்து வெச்சு என்ன பண்றதுங்க?"

கல்லுக்குப் போடும் கிரஷர் தூளில் கொஞ்சத்தைக் குறைத்துவிட்டு இந்தச் சேற்றைக் கலந்தால், கழிவுக்கும் ஒரு வழி, கல்லுடைக்கும் மலைக்கும் கொஞ்சம் ஓய்வு என்று டீச்சரம்மா சொன்னார். காலேஜில் சின்னச் சின்னக் கட்டியாகப் போட்டுப் பார்த்துவிட்டார்களாம். நிஜ மிஷினில் போட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டுமாம். நான் முகத்தைச் சுளித்தேன். எங்கள் வீட்டுக்காரர், தூள் மிச்சம் என்றதும் தலையை ஆட்டிவிட்டார்.

சேறு ஏற்ற நானும் போனேன். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நெல் குடோனில் அடுக்குகிற மாதிரி மூட்டைமேல் மூட்டையாகக் கூரை வரைக்கும். இந்தப் பக்கம் பார்த்தாலும் மூட்டை, அந்தப் பக்கம் பார்த்தாலும் மூட்டை. சில மூட்டைகள் கிழிந்து தரையில் சரிந்திருந்தன. நடக்க விட்டிருந்த சந்தில் என் செருப்பு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரே ஒரு பட்டறையில் இவ்வளவு. பதினோரு வருடம் பனியனின் நிறம் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். துணியில் ஏறாத சாயம் எங்கே போகும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊரே துணி போட்டுட்டுத் திரியுது, அழுக்கு பூரா அங்க கெடக்குதுங்க" என்றேன்.

"அதத்தான் கல்லா மாத்தப் போறமில்ல, உண்ணு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. அதன்பிறகு அவரைவிட நான்தான் முன்னால் நின்றேன். பங்குனி வெயிலில் சேற்றைக் காயவைத்து, கட்டியை உடைத்து, சலித்து, கலந்தோம். கலவையில் பத்துச் சட்டி தூள் போகிற இடத்தில் ஒரு சட்டி சேறு போட்டது ஒரு வகை. இரண்டு சட்டி, மூன்று சட்டி, நான்கு சட்டி என்று மற்ற வகைகள். ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் கல் போட்டால் போதும் என்றுதான் டீச்சரம்மா சொல்லியிருந்தார். ஆனால் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்த வேகம் எனக்கு. சீக்கிரம் காலி பண்ணவேண்டும் என்ற அவசரம் முதலாளிக்கு. நான்கு சட்டிக் கலவையில் இரண்டு நாள் முழுக்க மிஷினை ஓட்டிவிட்டோம். ஒரு காடு முழுக்கக் கல் காய்ந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு நாள் கழித்து டீச்சரம்மா வந்து ஒவ்வொரு வகையிலும் சில கற்களை எடுத்துப் போய் அமுக்கிப் பார்க்கிற மிஷினில் வைத்தார். நானும் கூடப் போனேன். ஒரு சட்டிக் கல்லை வைத்ததும் முள் ஏறிக்கொண்டே போனது. எங்களுடைய வழக்கமான கல் தாங்குகிற அளவுக்கு வந்து, அதற்கும் கொஞ்சம் மேலே போன பிறகுதான் வெடித்தது. நான் கைதட்டிவிட்டேன். கழிவு இப்படி நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு சட்டியும் தேறியது. மூன்று சட்டி தடுமாறியது. நான்கு சட்டிக் கல், முள் நகரத் தொடங்கியதுமே முறுக்கு உடைகிற மாதிரி உடைந்தது.

டீச்சரம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். "நாலு சட்டி ரிஜெக்ட்ங்க. தனியா ஒதுக்கி வைங்க. மழைல என்ன ஆகுதுன்னு அப்புறம் பாக்கலாம்."

ரிஜெக்ட். தனியா ஒதுக்கி வைங்க. பதினோரு வருடம் நான் தினமும் காதில் கேட்ட வார்த்தைகள். காட்டுக்கு வந்ததும் சிவப்புப் பெயின்டு டப்பாவைத் திறந்து, நான்கு சட்டிக் கல் ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். வேலியோரம் தனியாக அடுக்கினேன். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் எனக்கு. பிறகு டீச்சரம்மாவுக்குக் காலேஜில் பரீட்சை, அது இது என்று வந்துவிட்டது. மாசக்கணக்கில் அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

கற்களை ஒதுக்கிய அதே மாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் போட்டோம். சொந்தக்காரர்கள் வந்தால் தங்க இடமில்லை என்று ரொம்ப நாள் பேச்சு. ஒரு சட்டிக் கல்லையும் பழைய கல்லையும் வைத்துக் கட்டினோம். பால் காய்ச்சிய அன்று கம்பெனியில் என்னோடு இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன்.

அவர்களில் ஒருத்திதான் இந்தக் கதைக்கு முக்கியம். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். செக்கிங்கில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள். அவள் வீட்டுக்காரர் டெய்லர், வேதக்காரக் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள். லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். விடியும் முன் எழுந்து வரிசையில் நின்று நின்று சலித்துப் போனவள். மங்கலத்தைத் தாண்டிச் சின்னதாக ஓர் இடம் வாங்கிவிட்டார்கள், கட்டத்தான் முடியவில்லை. எங்கள் ரூமுக்குள் வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"எக்கா, சொவரு என்னா ஜோரா இருக்கு! எங்களுக்கும் ஒரு நாலு சொவரு எந்திரிச்சுட்டாப் போதும்க்கா. மேல சீட்டப் போட்டுட்டுப் போயிருவோம்."

எனக்குச் சட்டென்று வேலியோரத்து அடுக்கு நினைவுக்கு வந்தது. மேலே கான்கிரீட் இல்லை, சிமெண்ட் சீட்டுதான். அந்தப் பாரத்தைத் தாங்காதா? ஓட்டை பனியனானாலும் உடம்பை மறைக்கிறது இல்லையா?

"எங்காட்டுல செகண்ட்ஸ் கல்லு கெடக்குது கண்ணு. நீ சும்மாவே எடுத்துட்டுப் போ. எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று ஒரு சொலவடை இருக்கிறதே, அதில் வருகிற கை அன்றைக்கு என் கைதான். எங்கள் லாரியிலேயே ஏற்றி அனுப்பினேன். கொத்தனார் ஒருவர் மட்டும், "என்னுங்க, கல்லு லேசா இருக்குதுங்க, தட்டுனா சத்தமே வரமாட்டீங்குது" என்று போனில் கேட்டார். "புது மாதிரிக் கல்லுங்க. இஞ்சினியர் பாத்ததுங்க" என்றேன். பார்த்தது உண்மை. பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கு அது நினைவுக்கும் வரவில்லை.

ஆனியில் சுவர் எழுந்தது. மேலே பூச்சுப் பூசி, சுண்ணாம்பு அடித்து, ஜெபம் வைத்துக் குடிபோனார்கள். நான் ஒரு குத்துவிளக்கு வாங்கிப் போக நினைத்து, வேதக்காரர்கள் என்று ஞாபகம் வந்து சுவர்க் கடிகாரம் வாங்கிப் போனேன். சின்னவள் அந்தப் புதுச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் வேலை விட்டுப் போகிற வழியில் அவள் எங்கள் காட்டுக்கு வந்தாள்.

"எக்கா, சொவரு வேர்க்குதுக்கா."

"புதுச் செவுருன்னா வேர்க்கத்தான் செய்யும். ஒரு மழைக்காலம் போனாச் செரியாப் போயிரும் கண்ணு" என்றேன். வந்தவளுக்கு ஒரு டீகூட வைத்துத் தரவில்லை. லோடு ஏற்றும் அவசரம்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை கையில் சாப்பாட்டு டப்பா. மூடியைத் திறந்து காட்டினாள். வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக ஏதோ ஒன்று.

"தெனமும் தொடைக்கேன், மறுநா காலையில திரும்பப் பூத்துருதுக்கா. பாக்க நல்லாத்தான் இருக்கு. சின்னவ நக்கிப் பாத்துட்டு, எம்மா உப்புங்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கசப்போடு சேர்ந்த உப்பு. சாயப்பட்டறையில் சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள் என்பது திருப்பூரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். துப்பினேன், மறுபடியும் துப்பினேன், தண்ணீர்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"புள்ள எத்தன தடவ நக்குனா?"

"தெரியலியேக்கா. படுக்கை அந்தச் சொவரோரந்தான போட்டிருக்கோம்."

மொபெட்டில் அவளை ஏற்றிக்கொண்டு மழையோடு போனேன். கதவைத் திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் வெள்ளை பூத்து, அதற்குக் கீழே பழுப்பாக ஒழுகியிருந்தது. கையை வைத்தேன். பூச்சு உப்பி நின்றது. லேசாக அழுத்தினேன், அவ்வளவுதான். பாய் அகலத்துக்கு ஒரு பத்தை அப்படியே பெயர்ந்து என் காலடியில் விழுந்தது.

உள்ளே கற்கள் தெரிந்தன. ஒவ்வொரு கல்லின் நெற்றியிலும் ஒரு சிவப்புப் பொட்டு. நான் வைத்த பொட்டு. வரிசையாக, பிசகாமல், என் கைவேலை. சுவரெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கல்லில் பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். விரல் நகம் வரைக்கும் உள்ளே போனது.

அந்த மாதிரிக் கல்லைத்தான் தேடித் தேடி, எண்ணி, ஒன்றுகூட விட்டுப்போகாமல் பொட்டு வைத்து, அவள் குழந்தைகள் தலைமாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்குத் தப்பியிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. என் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லையே.

முதலில் சின்னவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். வயிற்றுப்போக்கு இரண்டு நாளாக இருந்திருக்கிறது, மழைக்காலத்துக் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கேள்வி கேட்டு, மருந்து எழுதினார். பெரிதாக ஒன்றுமில்லை, அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் இனி விடாதீர்கள் என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவினாள். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

மறுநாள் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பஸ் பிடித்து மத்தியானமே வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"இது நாலு சட்டிக் கல்லாச்சே! இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

"நான்தான் குடுத்தேனுங்க."

"ரிஜெக்ட்னு சொன்னேனே!"

"ரிஜெக்ட்டுன்னு சொன்னீங்கன்னுதானுங்க குடுத்தேன்."

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "தூக்கிப் போடுன்னா தூக்கிப் போடுன்னு சொல்லோணுமுங்க! உடைக்கோணும்னா உடைன்னு சொல்லோணும்! இந்த ஊருக்கு வந்து ரிஜெக்ட்டுன்னு சொன்னா நாங்க என்னன்னு நெனைப்போம்?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் எனக்கே வெட்கமாகப் போனது. அவர் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. அமுக்கும் மிஷினில் அந்தக் கல் உடைந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். சொல் புரியாவிட்டால் கண்ணுமா புரியாது?

டீச்சரம்மா திருப்பிக் கத்தவில்லை. சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் மழைக்கு முன்னாடியே வந்து பாத்திருக்கணும். ஈரத்துல உப்பு வெளிய வரும்னு பொஸ்தகத்துல இருக்கு. எழுதித் தந்துட்டுப் போயிருக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்திருந்தால் நான் படித்திருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

வீட்டை இறக்குவதைத் தவிர வழியில்லை. குடும்பத்தை எங்கள் புது ரூமுக்குக் கூட்டிவந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் அவள் சுவருக்கே உப்பிட்டவள், என்னை அவள் எப்படி நினைப்பாள் என்று சோறு போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அவள் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவாள், பிறகு தான் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

மழை இன்னும் ஒரு வாரம் பெய்தது. எங்கள் ரூமின் சுவர் வேர்க்கவே இல்லை. ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோனபோது, அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

இடித்த சுவரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது அடுத்த பாடு. பள்ளத்தில் கொட்டினால் மழைக்கு உப்பு இறங்கிக் கிணற்றுக்குப் போகும். சாயப்பட்டறைக் கொட்டகைக்கே திருப்பிக் கொண்டுபோனோம்.

"அம்மிணி, நான் மண்ணாக் குடுத்தேன், நீங்க செவுராக் கொண்டாந்தா எங்கீங்க வெப்பேன்?" என்றார் முதலாளி.

"உங்க சரக்குத்தானுங்கண்ணா, நீங்களே வெச்சுக்கோங்க" என்று கதவில் நின்று தகராறு பண்ணிப் பார்த்தேன். நடக்கவில்லை. எங்கள் காட்டு மூலையில் கீழே சிமெண்டுத் தரை போட்டு, மேலே தார்ப்பாய் மூடிவைத்தோம். கழிவு ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வாசலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. டீச்சரம்மா பிறகு அதையும் விடவில்லை. உப்பைக் கழுவி எடுத்துவிட்டு, தூளாக்கி, ஒரு சட்டிக்கும் குறைவாகப் போட்டு, நடைபாதைக் கல்லாக மட்டும் செய்தார். அதையும் முழுசாக ஒரு மழைக்காலம் வெட்டவெளியில் நனையவிட்டுப் பார்த்த பிறகுதான் காட்டை விட்டு வெளியே விட்டோம். வேலியோரம் தகரத்தில் ஒரு போர்டு எழுதி வைத்தேன்: "இங்கே இருப்பதை உடைக்க வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது." லோடு ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மழை விட்டதும் அவள் வீட்டை மறுபடி கட்டத் தொடங்கினோம். கல் எங்களுடையது, கூலியும் எங்களுடையது. சேறு ஒரு துளியும் கலக்காத பழைய கலவையில் தனியாகப் போட்டு, முழுசாக இருபத்தெட்டு நாள் தண்ணீர் விட்ட கல். முதல் லோடு ஏற்றுகிற அன்று அவளே காட்டுக்கு வந்தாள். கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"நான் செக் பண்ணி ஏத்தட்டாக்கா?" என்றாள்.

"பண்ணு கண்ணு" என்றேன்.

சின்னச் சுத்தியலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கல்லையும் புரட்டி, நான்கு முனையும் பார்த்து, சுத்தியலால் ஒரு தட்டு. ணங்கென்று சத்தம் வந்தால் இந்தப் பக்கம், வராவிட்டால் அந்தப் பக்கம். அதே கை வேகம். மேசையில் பனியனைப் புரட்டும்போது என்ன வேகமோ அதே வேகம். ஒதுக்கிய கல்லை அடுக்கிவைக்கவில்லை. அங்கேயே சுத்தியலால் ஓங்கி அடித்து இரண்டாக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள். நானும் எதிரே உட்கார்ந்து கல்லை எடுத்துக் கொடுத்தேன். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்த காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மன்னித்துவிட்டாள் போல என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பாதி லோடு ஆகியிருக்கும். கல்லைப் புரட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? உங்க ரூமு கட்டும்போதும் அந்தக் கல்லு அங்கதான கெடந்துச்சு?"

"ஆமா."

"அதுக்கு ஏங்க்கா செகண்ட்ஸ் வைக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் ரூமுக்கு அந்தக் கல்லை வைக்கலாம் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. வேண்டாமென்று முடிவு பண்ணியிருந்தால்கூடச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். யோசிக்கவே இல்லை. அவளுக்கு என்று வந்தபோதுதான் அந்த அடுக்கு எனக்கு நினைவுக்கு வந்தது.

"அது... அப்ப நல்ல கல்லு கையில இருந்துச்சு கண்ணு" என்றேன்.

"எங்களுக்குக் குடுக்கும்போதும் இருந்துச்சேக்கா" என்றாள்.

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். நான் அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன்.